பீப்பாய்க் கடல்

பிள்ளைகள் செய்த மீன்களில் ஒன்றுக்கும் தலை இல்லை.

சாரா டீச்சர் அதை முதலில் குறும்பு என்றுதான் நினைத்தாள். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் சேர்ந்து இருபத்தெட்டுப் பிள்ளைகள். தோல் பதனிடும் டேனரியில் ஓரம் வெட்டிப் போடும் துண்டுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, கடலில் இருக்கும் மீன் ஒன்றைச் செய்யுங்கள் என்று சொல்லியிருந்தாள். ஒரு மணி நேரம் நாக்கைக் கடித்துக்கொண்டு வெட்டினார்கள். மேசைமேல் கொண்டுவந்து வைத்தபோது எல்லாம் தட்டையாக, வயிறு பிளந்து, வால் விறைத்து, கழுத்தோடு முடிந்துபோயிருந்தன. ஏன் இப்படி என்று கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இப்படித்தானே விற்கிறார்கள் என்றார்கள். கடல் மீன் என்றால் அவர்களுக்குக் கருவாடுதான். பாலாற்றில் தண்ணீர் வரும் வருஷங்களில் கெண்டை பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது ஆற்று மீன், இது கடல் மீன், இரண்டும் வேறு ஜாதி என்று அவர்களே தீர்மானித்திருந்தார்கள்.

"கடல்ல இருக்கும்போது அதுக்குத் தலை இருக்குமா டீச்சரம்மா?" என்று செண்பகம் கேட்டாள்.

சாரா சிரித்துவிட்டாள். பிள்ளைகளும் சிரித்தார்கள். கேட்ட செண்பகமும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அவளுக்குப் பத்து வயது. வகுப்பிலேயே வாய் அதிகம், கைவேலை சுத்தம். மறுநாள் அவள்தான் முதலில் தன் மீனுக்குத் தலை தைத்துக் கொண்டுவந்தாள். பனை நார் போட்டு, தையல் வெளியே தெரியாதபடி தைத்திருந்தாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம், பங்குனி மாதம். ஆம்பூரில் ரயில் பாதைக்குத் தெற்கே, டேனரித் தொழிலாளிகள் குடியிருக்கும் தெருக்களின் முனையில் அந்தப் பள்ளிக்கூடம் இருந்தது. ஓட்டுக் கூரை, இரண்டு அறை, டேனரி முதலாளி கொடுத்த பெஞ்சுகள். வேலூரிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை பள்ளிகளைப் பார்வையிட வரும் துரைசானி, இந்த வருஷம் கைவேலையும் இயற்கைப் பாடமும் சேர்ந்தாற்போல் ஒன்றைச் செய்து காட்டும்படி எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் எழுதியிருந்தாள். மற்ற இடங்களில் மலை செய்தார்கள், தோட்டம் செய்தார்கள். சாரா கடலைத் தேர்ந்தெடுத்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் கடலைப் பார்த்த ஆள் அவள் ஒருத்திதான். மதராஸில் வாத்தியார்ப் பயிற்சிக்குப் படித்தபோது ஒரு சாயங்காலம் எல்லாரோடும் கடற்கரைக்குப் போயிருக்கிறாள். அந்த ஒரு சாயங்காலத்தை அவள் ஐந்து வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். தலைமை ஆசிரியர் தானியேல் ஐயாவுக்கே அவள் கடலைப் பற்றிச் சொல்லும்போது வாய் திறந்துவிடும்.

வேலை நன்றாகத்தான் போயிற்று. டேனரியிலிருந்து பாதியாய் அறுத்த பழைய மரப்பீப்பாய் ஒன்று கிடைத்தது. உள்ளே நீர் நிரப்பி, துணிக்குப் போடும் நீலம் கரைத்தார்கள். தோல் மீன்களுக்கு எண்ணெய் தடவி, அடியில் நெட்டித் துண்டு கட்டி மிதக்கவிட்டார்கள். மீனுக்குக் கண் வேண்டும், கருப்பு மை வேண்டும் என்றபோது சாரா யோசிக்கும் முன்பே பிள்ளைகள் கடுக்காய் ஊறிய தண்ணீரைக் கொண்டுவந்து அதில் துருப்பிடித்த ஆணியைப் போட்டார்கள். சற்று நேரத்தில் தண்ணீர் மையாகக் கருத்தது. தோல் பதனிடுகிறவர்களின் பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சாராவிடம் இருந்த படப் புத்தகத்தில் குடை மாதிரி ஒரு பிராணி இருந்தது, எலும்பில்லாதது, உள்ளே வெளிச்சம் தெரிவது. அதற்கு என்ன செய்வதென்று அவள் திகைத்தாள். கசாப்புக்கடைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் மஹ்பூபி ஆட்டின் மூத்திரப்பையை ஊதிக் கட்டிக் கொண்டுவந்தாள். அசல் மாதிரியே இருந்தது.

உப்பில்தான் வந்தது வினை.

இயற்கைப் பாடத்துக்கு இரண்டு கண்ணாடி ஜாடியும் இரண்டு முட்டையும் போதும். நல்ல தண்ணீரில் முட்டை மூழ்கும். உப்புத் தண்ணீரில் மிதக்கும். அதற்கு இரண்டு பிடி உப்பு செலவாகும், அவ்வளவுதான். பீப்பாயில் இருந்த நீலத் தண்ணீரை அப்படியே விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் வருகிறவர்கள் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, ஆமாம் இது கடல்தான் என்று சொல்ல வேண்டும் என்று சாராவுக்கு ஆசை வந்துவிட்டது. அந்த ஆசைக்குப் பாடத்தில் இடமில்லை என்று அவளுக்கே தெரியும். ஆளுக்கு ஒரு பிடி உப்பு வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள் என்று சொன்னாள்.

உப்புக்கு வரி இருந்த காலம். பிள்ளைகள் இலையில் மடித்து, சிரட்டையில் போட்டு, சிட்டிகை சிட்டிகையாகக் கொண்டுவந்தார்கள். சில அம்மாக்கள் திட்டி அனுப்பியிருந்தார்கள். எல்லாம் சேர்த்துப் போட்டும் பீப்பாய்த் தண்ணீர் கண்ணீர் அளவுக்குக்கூடக் கரிக்கவில்லை.

மறுநாள் காலையில் செண்பகம் ஒரு மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்தபடி நடந்து வந்தாள். பழைய சேலைத் துணியில் கட்டிய உப்பு. இரண்டு படி இருக்கும். மேசைமேல் வைத்துவிட்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

சாரா முடிச்சை அவிழ்த்தாள். சாம்பல் நிறம், அங்கங்கே துருக்கறை போன்ற சிவப்பு. கையை வைப்பதற்கு முன்பே வாடை வந்தது. பச்சைத் தோலின் வாடை. அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

தூரத்து ஊர்களிலிருந்து தோல்கள் உப்பு போட்டுத்தான் டேனரிக்கு வரும். ஊறப்போடுவதற்கு முன் பெண்கள் ஒவ்வொரு தோலாக எடுத்துக் கம்பில் அடித்து உப்பை உதறுவார்கள். உதிர்ந்த உப்பைக் கூட்டி அள்ளி, மட்டமான தோலுக்கு மறுபடி போடுவார்கள். கூட்டும்போது கொஞ்சம் உப்பு பெண்களின் மடிக்குப் போகும். வீட்டில் அதைக் கரைத்து, தெளியவிட்டு, வடிகட்டி, காய்ச்சிக் குழம்புக்குப் போட்டுக்கொள்வார்கள். இது எல்லாருக்கும் தெரியும். எடுக்கிறவர்களுக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும். ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

சாராவுக்கு வேறு விதமாகவும் தெரியும். அவள் பேர்ணாம்பட்டு டேனரித் தெருவில் பிறந்தவள். அவள் அம்மா அன்னம்மாள் பதினோரு வருஷம் தோல் உதறியவள். ஒன்பது வயதில் சாரா வேலூர் ஹாஸ்டலுக்குப் போகும்வரை அந்த வீட்டில் வேறு உப்பு வாங்கியதே இல்லை. அம்மா செத்த பிறகு அந்தத் தெருவுக்கு அவள் போகவில்லை. ஆம்பூரில் அவளைப் பற்றித் தெரிந்தது, வேலூரில் வளர்ந்த பெண், மதராஸில் படித்தவள் என்பது மட்டுமே.

மூட்டையைத் திருப்பிக் கட்டிக் கொடுத்திருக்கலாம். இது வேண்டாம் கண்ணு, அம்மாவிடம் கொடுத்துவிடு என்று சொல்லியிருக்கலாம். பீப்பாயைப் பார்த்தாள். துரைசானி வர இரண்டு நாள்தான் இருந்தது. கலங்கிய உப்பைச் சுத்தம் செய்வதையும் பாடமாக்கிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு தவலையில் உப்பைக் கொட்டி நீர் ஊற்றினாள். கசடு அடியில் தங்கும்வரை காத்திருக்கச் சொன்னாள். பிறகு வெள்ளைத் துணியை நான்காக மடித்து, தவலையை மெல்லச் சாய்த்து, அடிக்கசடு வராமல் இடது கையால் அணைத்தபடி பீப்பாய்க்குள் வடிகட்டினாள். கை தானாகச் செய்தது. பதினைந்து வருஷமாகச் செய்யாத வேலை.

செண்பகம் துணியின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "எங்கம்மாவும் இப்டியேதான் டீச்சரம்மா வடிகட்டும். நாலா மடிச்சி, கையை இப்டி வெச்சிக்கினு" என்றாள், சந்தோஷமாக.

"துணியை இறுக்கிப் பிடி" என்றாள் சாரா.

செண்பகம் டீச்சரின் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, ஏதோ ரகசியம் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட மாதிரி, உதட்டை மூடிக்கொண்டு துணியை இறுக்கிப் பிடித்தாள்.

துரைசானி வந்த அன்று வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. கூடவே டேனரி சார்பில் கணக்கர் ரத்தினசாமி வந்திருந்தார். பெஞ்சு கொடுத்தவர்கள் என்பதால் அவர்களுக்கும் ஒரு நாற்காலி. வாசலில் சில அம்மாக்கள் நின்றார்கள். முட்டை ஜாடிகளுக்குப் பக்கத்தில் செண்பகம் விளக்குமாற்றுக் குச்சியோடு நின்றாள். விளக்கம் சொல்வது அவள் பொறுப்பு. உப்பு சேரச் சேரத் தண்ணீர் கனமாகிறது, கனமான தண்ணீர் முட்டையைத் தூக்கிப் பிடிக்கிறது, அதனால்தான் கப்பல் மிதக்க ஆற்றைவிடக் கடல் தோது என்று ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னாள். துரைசானி கைதட்டினாள். தலையுள்ள மீன்களையும் மூத்திரப்பைக் குடையையும் குனிந்து பார்த்தாள். மிகவும் நன்று என்று தமிழில் இரண்டு முறை சொன்னாள்.

"தொட்டு நாக்குல வெச்சிப் பாருங்கம்மா. கடல் மாதிரியே இருக்கும்" என்றாள் செண்பகம். அதுவும் சாரா சொல்லிக்கொடுத்ததுதான்.

துரைசானி கையுறையைக் கழற்றி, விரலை நனைத்து, நாக்கில் வைத்தாள். கண்ணை மூடித் திறந்து, ஆமாம், கடல்தான் என்றாள். சாராவின் நெஞ்சு நிறைந்தது. ஒரு விநாடி.

ரத்தினசாமியும் விரலை நனைத்தார். ஆனால் நாக்குக்குப் போகும் வழியில் கை மூக்கருகே நின்றுவிட்டது. முகர்ந்து பார்த்தார். பீப்பாய் ஓரத்தைக் குனிந்து பார்த்தார். இரண்டு நாள் வெயிலில் ஓரமெல்லாம் பழுப்பு நுரை கட்டியிருந்தது. நான்காக மடித்த துணியையும் தாண்டி வந்த ஆட்டு மயிர் இரண்டு மூன்று அதில் ஒட்டியிருந்தன. ஒன்றை நகத்தால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது தோலு உதறின உப்பாச்சே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "டேனரி உப்பு இங்க எப்டி வந்துச்சி? யார் கொண்டாந்தது?"

தானியேல் ஐயா அதை இங்கிலீஷில் துரைசானிக்குச் சொன்னார். துரைசானி கைக்குட்டையை எடுத்து வாயை மூடினாள். எல்லா முகமும் சாராவின் பக்கம் திரும்பியது.

அந்த நேரத்தில் சாராவின் மூக்கில் பேர்ணாம்பட்டு வீட்டின் அடுப்படி வந்து நின்றது. தன் சேலையில், தன் தலைமயிரில் அந்த வாடை அடிப்பதாகவும், எல்லாரும் அதை முகர்ந்துவிட்டதாகவும் அவளுக்குத் தோன்றியது. கை எழுந்தது. விரல் நீண்டது.

"செண்பகம் கொண்டாந்துச்சி" என்றாள். "எனக்குத் தெரியாது."

செண்பகம் டீச்சரையே பார்த்தாள். குச்சியை ஜாடிகளின் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை, "இவங்க ஊட்ல அதத்தான் கொழம்புக்குப் போடுவாங்க" என்று சொன்னது. சொன்ன பிள்ளையின் வீட்டிலும் அதேதான். ரத்தினசாமி இவள் யார் பெண் என்று கேட்டார். முனியம்மா பெண் என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் தலையாட்டிக்கொண்டார்.

மறுநாள் செண்பகம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. முனியம்மாவை டேனரி வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள், உப்பு திருடிய கேஸ், இனி வேலை இல்லை என்று மூன்றாம் நாள் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். புருஷன் இல்லாதவள். அந்த ஒரு கூலியில்தான் வீடு.

சாரா அன்று பாடம் நடத்தினாள். கரும்பலகையில் எழுதினாள், அழித்தாள். பீப்பாய் மூலையில் இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. இரவெல்லாம் அவள் தான் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதல் வாக்கியம் உண்மை. செண்பகம்தான் கொண்டுவந்தாள். இரண்டாவது இல்லாமல் அது மட்டும் இருந்திருந்தால்கூட ஏதோ சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். தெரியுமா என்று யாரும் அவளைக் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு அவளாக வந்து பொய் சொல்லியிருக்கிறாள்.

நான்காம் நாள் பள்ளிக்கூடம் விட்டதும் முனியம்மாவின் வீட்டுக்குப் போனாள். முனியம்மா வாசலில் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்காரி, உப்பில் ஊறி விரல் நுனிகள் வெடித்திருந்தன. எழுந்து பலகையைத் துடைத்துப் போட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்த சாராவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"டீச்சரம்மா கடல் செய்றாங்க, உப்பு கேக்குறாங்கன்னு எம்பொண்ணு ராத்திரி தூங்கல" என்றாள் முனியம்மா. "நான்தான் நல்லதா பாத்து, மயிரெல்லாம் பொறுக்கிட்டுக் கட்டிக் குடுத்தேன். பள்ளிக்கூடத்துக்காச்சேன்னு. ஒரு மாசத்து உப்பு அது."

முனியம்மா முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"தெரியாதுன்னு சொன்னீங்களாமே."

உள்ளே இருட்டில் ஏதோ அசைந்தது. செண்பகம் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள் என்று சாராவுக்குத் தெரிந்தது. கூப்பிட வாயெடுத்தாள். பேர் வரவில்லை. மேஸ்திரியிடம் நான் போய்ச் சொல்கிறேன் என்றாள். முனியம்மா முறத்தை எடுத்து மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

உதறும் கொட்டகையின் மேஸ்திரி அஹமது பாஷா வெள்ளைத் தாடிக்காரர். பெண்களுக்கு வேலை கொடுப்பதும் நிறுத்துவதும் அவர் வழியாகத்தான். மறுநாள் காலை, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சாரா போனாள். கொட்டகையில் ஏழெட்டுப் பெண்கள் தோலை வீசி வீசி அடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் புழுதி எழுந்து இறங்கியது. டீச்சரைப் பார்த்ததும் கம்புகள் மெதுவாயின.

முனியம்மா திருடவில்லை, நான்தான் கேட்டேன் என்றாள் சாரா. அஹமது பாஷா தாடியைத் தடவினார்.

"இதுல எனக்குத் தெரியாதது இன்னாம்மா இருக்கு? இருவது வருஷமாத் தெரியும். யார் மடியில எவ்ளோன்னுகூடத் தெரியும். ஜாஸ்தி போனா இருமுவேன். கம்மி பண்ணிக்குவாங்க. பாக்காத மாதிரி இருக்குறதும் என் வேலையில ஒரு வேலை. நீங்க நாலு பேர் முன்னால விரல் காட்டிட்டீங்க. காட்டுன பொறவு நான் எப்டிப் பாக்காம இருக்குறது?"

சாரா நின்றுகொண்டே இருந்தாள். அவர் அவளைப் பார்த்துவிட்டு, ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். பள்ளிக்கூடம் கேட்டது, நான்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னேன் என்று முதலாளியிடம் தன் தலையில் போட்டுக்கொள்வதாகவும், ஆனால் அதற்குப் பள்ளிக்கூடத்து எழுத்து வேண்டும் என்றும் சொன்னார். தெரியாமல் நடந்தது என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. தெரிந்துதான் கேட்டேன் என்று இருக்க வேண்டும். அந்த எழுத்து ரத்தினசாமி கைக்குப் போகும், அங்கிருந்து துரைசானிக்கும் போகும். யோசித்துக்கொள்ளுங்கள் என்றார்.

அவள் அங்கேயே ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து, பையிலிருந்த காகிதத்தில் எழுதினாள். முதல் காகிதத்தில், இது எவ்விதமான உப்பு என்று சரியாக அறியாமல், என்று வந்தது. கிழித்தாள். இரண்டாவதை எழுதி மடித்து நீட்டினாள். அஹமது பாஷா வாங்கவில்லை.

"எனக்குத் தமிழ் படிக்க வராது. உருதுதான். படிச்சிக் காட்டுங்க."

சாரா காகிதத்தைப் பிரித்தாள். கம்புகள் முழுக்க நின்றுவிட்டன. மெதுவாகப் படித்தாள். கொஞ்சம் உரக்கப் படிக்கும்படி அவர் சொன்னார். அவருக்குக் காதும் மந்தம்.

"பள்ளிப் பிள்ளைகளின் கைவேலைக்காக உப்பு கேட்டது நான். மாணவி செண்பகம் கொண்டுவந்தது தோல் உதறிய உப்பு என்று மூட்டையை அவிழ்த்தபோதே எனக்குத் தெரியும். தெரிந்தே அதை வாங்கி உபயோகித்தேன். பிறகு தெரியாது என்று சொன்னது பொய்." இங்கே அவள் நிறுத்தினாள். காகிதத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. அதைப் படிக்காமல் மடித்துவிடலாம். அஹமது பாஷாவுக்குத் தெரியப்போவதில்லை. "என் தாயார் பேர்ணாம்பட்டில் தோல் உதறும் வேலை செய்தவர். நான் அந்த உப்பைத் தின்று வளர்ந்தவள். ஆகையால் எனக்கு அதன் வாடை தெரியும்."

பெண்களில் ஒருத்தி இருமினாள். படிப்பதை நிறுத்திய பிறகும் சாராவின் காதில் தன் குரலே கேட்டுக்கொண்டிருந்தது. அஹமது பாஷா கையை நீட்டிக் காகிதத்தை வாங்கி, நான்காக மடித்து உள்பையில் வைத்தார். பெண்களைப் பார்த்து, இன்னா வேடிக்கை என்றார். கம்புகள் மறுபடி எழுந்தன.

எட்டு நாளில் முனியம்மாவுக்கு வேலை கிடைத்தது. ஆனால் எழுத்து என்று ஒன்று மேலே போனால் அது ஒரு காரியத்தோடு நிற்பதில்லை. அந்த உப்பைத் தின்று வளர்ந்தவள் என்ற வரியைப் படித்ததும், இருபது வருஷமாகத் தன் கொட்டகையில் என்ன நடந்திருக்கிறது என்று முதலாளிக்குப் புரிந்துவிட்டது. உதறும் கொட்டகைக்குக் கதவும் பூட்டும் வந்தன. சாயங்காலம் பெண்கள் மடியை உதறிக் காட்டிவிட்டு வெளியே வர வேண்டும் என்று சட்டம் வந்தது. தெரு முழுக்க உப்பு கடையில் வாங்க வேண்டியதாயிற்று. சாரா தெருவில் போகும்போது பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி மட்டும் அவள் காதுபட, "அவங்கம்மா எடுத்தாங்களாம். நம்மள பூட்டிட்டாங்க" என்றாள். வேலூரிலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. இனி கைவேலையைக் காகிதத்தில் மட்டும் செய்விப்பது நலம் என்று எழுதியிருந்தது. தானியேல் ஐயா அதை வாசித்துக் காட்டிவிட்டு, பேர்ணாம்பட்டைப் பற்றி ஒன்றும் கேட்காமல், வருகைப் பதிவேட்டைத் திறந்துகொண்டார்.

சித்திரை வெயில் ஆம்பூரில் எதையும் விட்டுவைக்காது. மூலையில் கிடந்த பீப்பாய்க் கடல் நாளுக்கு அரை விரல்கடை இறங்கியது. நீலம் வெளுத்தது. லீவு விடுவதற்கு நான்கு நாள் இருக்கும்போது தண்ணீரே இல்லை. அடியிலும் ஓரத்திலும் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அதன்மேல் தோல் மீன்கள் காய்ந்து விறைத்து, தலையோடு இருந்தும், கருவாடாகவே கிடந்தன.

அன்றுதான் செண்பகம் மறுபடி வந்திருந்தாள். பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பேர் கூப்பிட்டபோது உள்ளேன் என்றாள். சாரா கேள்வி கேட்டபோது, விடை தெரிந்தும் அவள் கை தூக்கவில்லை. தெரிந்தது முகத்திலேயே இருந்தது.

மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகும் செண்பகம் போகவில்லை. பீப்பாயருகே நின்றாள். உள்ளே விரலை விட்டு ஓரத்தைச் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"தண்ணி போய்ட்டுது. உப்பு போகல" என்றாள், பீப்பாயிடம் சொல்வது போல.

"போகாது" என்றாள் சாரா. "தண்ணி மட்டும்தான் ஆவியாப் போகும்."

"இத எடுத்துக்கட்டுமா?"

டீச்சரம்மா என்ற வார்த்தை இல்லாமல் அவள் கேட்டது சாராவின் காதில் விழுந்தது. எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளலாம். அஹமது பாஷா அதைத்தான் செய்வார். சாரா திரும்பவில்லை. சிரட்டை இரண்டை எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றைச் செண்பகத்திடம் கொடுத்து, சேலையைச் செருகி, பீப்பாய்க்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். மீன்களை எடுத்து ஒருபுறம் வைத்துவிட்டுச் சுரண்டத் தொடங்கினாள். செண்பகம் மறுபுறம் சுரண்டினாள். சிரட்டை மரத்தில் உரசும் சத்தம் மாறி மாறிக் கேட்டது. உப்பில் ஒரு மயிர் வந்தது. சாரா அதை எடுத்துத் தரையில் போட்டாள். இன்னொன்று வந்தது. அதைச் செண்பகம் எடுத்தாள்.

கசடாகப் போனதும் மரம் குடித்ததும் போக, எல்லாம் சேர்ந்து ஒரு படி தேறியது. செண்பகம் பாவாடை மடியை விரித்தாள்.

"எனக்கும் கொஞ்சம் வை" என்றாள் சாரா.

செண்பகம் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு வடிகட்டும்போது பார்த்த மாதிரியே, கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஊட்டுக்கா?"

"வீட்டுக்குத்தான். கஞ்சிக்கு."

செண்பகம் யோசித்தாள். பிறகு சாராவின் சிரட்டையில் கொஞ்சம் போட்டாள். பார்த்துவிட்டு, அதிலிருந்து ஒரு சிட்டிகையைத் திரும்ப எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். மடியைச் சுருட்டிச் செருகி, படியிறங்கிப் போனாள்.